எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டிலோ கடையிலோ பள்ளிவாசல் காரியாலயத்திலோ ஓன் ஆகாத கம்பியூட்டர் ஒன்றைத் துணி போட்டு மூடி வைத்திருப்பவர்கள் பொறுமையாக முழுவதையும் வாசித்தால் சந்தோஷம்.

நமது ஊரில் கம்பியூட்டர் ஒன்று வேலை செய்யாவிட்டால் இரண்டே இரண்டு தீர்ப்புத்தான். "வின்டோஸ் அடிக்கணும்" என்பது ஒன்று. "போர்ட் போயிட்டு, புதுசா ஒன்டு எடுங்க" என்பது மற்றது. முதல் தீர்ப்பில் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். இரண்டாவதில் காசு அழியும். அது எந்த இடத்தில் நின்றுபோனது என்று நின்று பார்ப்பவர்கள் குறைவு.

எங்கள் கம்பியூட்டர் அறையின் எட்டாம் நம்பர் மெஷின், டிசம்பர் விடுமுறை முடிந்து அறையைத் திறந்தபோது ஓன் ஆகவில்லை. வெளியே கொண்டுபோய்க் காட்டினோம். போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் இரண்டுமே போய்விட்டன என்று சொல்லி அனுப்பினார்கள். "மௌத்தாகிட்டு ஸேர், அடக்கிற வேலயப் பாருங்க" என்று மாணவன் ஒருவன் பகிடி விட்டான். எல்லோரும் சிரித்தோம். தரம் 11 மாணவி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. சென்ற வருடம் இந்தப் பிள்ளைகள் ஊரின் மூத்தவர்களைத் தேடிப்போய் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்தார்கள். கரைவலை இழுத்த காலம், கைத்தறிச் சத்தம் கேட்ட தெருக்கள், 1978 சூறாவளி, 2004 டிசம்பர் 26 காலை. மொத்தம் 41 ஒலிப்பதிவுகள். போன்களில் எடுத்ததையெல்லாம் எட்டாம் நம்பரில் சேர்த்து வைத்தார்கள். இன்னொரு பிரதி பென் டிரைவ் ஒன்றில் இருந்தது. அந்தப் பென் டிரைவ் எட்டாம் நம்பருக்கு முந்தியே செத்துவிட்டது. பேசியவர்களில் மூன்று பேர் இப்போது நம்மோடு இல்லை. அவர்களில் ஒருவர் அந்தப் பிள்ளையின் மூத்தம்மா.

புதிய கம்பியூட்டர் ஒன்றை யாராவது நன்கொடையாளர் வாங்கித் தரலாம். மௌத்தானவர்களின் பேச்சை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆகவே, திறந்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். ஆறு பிள்ளைகளும் ஒரு பழைய கொப்பியும்தான் எங்கள் குழு.

லினக்ஸ் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மெஷின்கள் பழைய மாணவர்கள் தந்தவை. இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அவற்றில் இருந்த வின்டோஸ் 7 க்கான பாதுகாப்பு உதவியை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14 உடன் நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு லினக்ஸ் மின்ட் போட்டோம். இலவசம், சட்டபூர்வமானது, பழைய மெஷினிலும் ஓடும். எழுதுவதற்கு லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. பிள்ளைகளின் பயிற்சிக்குப் போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டம் பார்த்திருப்பீர்கள். முதலாமவர் ஓடிவந்து கோலை இரண்டாமவரிடம் கொடுப்பார், அவர் மூன்றாமவரிடம் கொடுப்பார். கம்பியூட்டர் ஓன் ஆவதும் அப்படித்தான். ஸ்விட்சைப் போட்டதும் போர்டில் இருக்கும் பயோஸ் என்ற சிறிய மென்பொருள் விழித்து, ரேம், கீபோர்ட், டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு டிஸ்க்கில் இருக்கும் கிரப் என்பதிடம் கோலைக் கொடுக்கும். கிரப் லினக்ஸின் கர்னலைத் தூக்கி ரேமில் வைக்கும். கர்னல், தற்காலிகமான சிறிய கோப்பு முறைமை ஒன்றின் உதவியோடு உண்மையான டிஸ்க்கைத் தேடித் திறக்கும். அதன் பின்னர் சிஸ்டம்-டி என்பது மற்றச் சேவைகளை ஒவ்வொன்றாகத் தொடக்கி, கடைசியாகப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் திரையைக் கொண்டுவரும்.

ஓட்டம் முடியவில்லை என்றால் ஐந்து பேரையும் திட்டத் தேவையில்லை. கோல் எங்கே விழுந்தது என்று பார்த்தால் போதும். "ஓன் ஆகல்ல" என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து வேறு வேறு நோய்கள் இருக்கின்றன.

தொடங்கும் முன் கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று விதிகள் எழுதினோம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் திரையில் தெரிந்ததை அப்படியே எழுத வேண்டும். ஒலிப்பதிவுகளைப் பிரதி எடுக்கும் வரை டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது.

முதலாம் நாள். ஸ்விட்சைப் போட்டால் உள்ளே விசிறி சுற்றுகிறது. திரை கறுப்பு. நீளமாக பீப், பீப் என்ற சத்தம். விசிறி சுற்றுகிறது என்றால் கரண்ட் வருகிறது. பீப் சத்தம் வருகிறது என்றால் போர்டுக்கு உயிர் இருக்கிறது, அது எதையோ முறைப்பாடு செய்கிறது. எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். ஆனால் பழைய மெஷின்களில் அது பெரும்பாலும் ரேமைப் பற்றிய முறைப்பாடுதான்.

வயரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து மிச்சமிருந்த மின்சாரத்தை வெளியேற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றினோம். அதன் பொன்னிறப் பற்களில் மெல்லிய பச்சை படிந்திருந்தது. கடலிலிருந்து எங்கள் வகுப்பறைக்குச் சில நூறு மீற்றர்தான். ஜன்னல் கம்பியையே தின்னும் உப்புக்காற்று ரேமை விட்டு வைக்குமா? மாரிக்காலத்தில் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் சொல்லவே வேண்டாம். பென்சில் அழிக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதி, திரும்பச் செருகினோம். ஒரேயொரு சின்ன பீப். திரையில் வெளிச்சம். "போர்ட் போயிட்டு" என்ற தீர்ப்பு அழிறப்பரோடு அழிந்தது.

அடுத்த தடை. திகதியும் நேரமும் பிழை என்று சொல்லி எஃப்1 அழுத்தச் சொன்னது. பார்த்தால் திகதி 2009 ஜனவரி 1. போர்டில் காசு வடிவத்தில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டரி ஒன்று இருக்கும். மெஷினுக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் திகதியையும் பயோஸின் அமைப்புகளையும் காப்பது அதுதான். அது தீர்ந்ததும் எல்லாம் தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குப் போய்விடும். எந்த டிஸ்க்கில் இருந்து தொடங்க வேண்டும் என்ற ஒழுங்கும் மாறிவிடும். புதிய பட்டரி போட்டு, திகதியைச் சரிசெய்து, ஒழுங்கில் ஹார்ட் டிஸ்க்கை முதலாவதாக வைத்தோம்.

இங்கேதான் கொப்பி உதவியது. ஒரு தடவை பார்க்கும்போது பயோஸின் பட்டியலில் டிஸ்க்கின் பெயர் இருந்தது. அடுத்த தடவை இல்லை. மூன்றாவது தடவை மறுபடி இருந்தது. கொப்பி எழுதிய பிள்ளை இதை மூன்று வரியாக எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தாள்.

இரண்டாம் நாள் கிரப் வந்தது, கர்னல் தொடங்கியது, பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளோடு நின்றது. கோப்பு முறைமை பழுதாகியிருக்கிறது, கையால் எஃப்எஸ்சிகே ஓட்டிச் சரிபார்க்கவும் என்பது செய்தி. இணையத்தில் தேடினால் ஆயிரம் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான். அந்தக் கட்டளையை அடி, எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று சொல்லு. பெரும்பாலான நேரங்களில் அது சரியான பதிலும்கூட. திடீரென்று கரண்ட் போனால் இப்படி நடக்கும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நாம் மறக்கவில்லை.

ஆனால் கொப்பியில் ஒரு கேள்விக்குறி இருந்தது. வந்து வந்து மறையும் டிஸ்க்கில் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கினால், பாதியில் அது மறைந்தால் என்ன நடக்கும்? இருப்பதும் போகும். அதனால் அந்தக் கட்டளையை அடிக்காமல் மெஷினை நிறுத்தினோம்.

வேறொரு மடிகணினியில் லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, எட்டாம் நம்பரை அந்தப் பென் டிரைவில் இருந்து தொடக்கினோம். இப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடாமலே முழு லினக்ஸும் ஓடும். பிறகு டிஸ்க்கிடமே அதன் சுகத்தைக் கேட்டோம். எல்லா ஹார்ட் டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் நோய்க் குறிப்பைத் தானே எழுதி வைத்திருக்கும். டொக்டரிடம் போகும்போது கிளினிக் கொப்பி கொண்டுபோவதில்லையா, அது மாதிரி.

அதில் மூன்று வரிகள் முக்கியம். 5 ஆம் இலக்கம், பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. எங்களுடையதில் பூச்சியம். 197 ஆம் இலக்கம், வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். அதுவும் பூச்சியம். 199 ஆம் இலக்கம், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் தரவு கைமாறும்போது வந்த பிழைகள். அது ஆயிரத்தைத் தாண்டி நின்றது.

பிள்ளைகளிடம் கேட்டோம், இதற்கு என்ன அர்த்தம் என்று. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பகிடி விட்ட அதே மாணவன்தான் சொன்னான்: "டிஸ்க் நல்லம் ஸேர். ரோட்டுத்தான் பழுது."

அதேதான். டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றிப் பார்த்தால், அதன் வாய்க்குள் இருந்த உலோகம் பழுப்பேறிக் கிடந்தது. வேறு காரணத்தால் படுத்துவிட்ட மூன்றாம் நம்பரில் இருந்து நல்ல கேபிள் ஒன்றை எடுத்து மாட்டினோம். 199 ஆம் இலக்கத்தில் இருக்கும் எண் ஒருபோதும் குறையாது. அது கூடாமல் நின்றால் அதுவே சுகம். பல தடவை வாசித்துப் பார்த்தோம். அதே எண். "ஹார்ட் டிஸ்க்கும் போயிட்டு" என்ற தீர்ப்பும் அத்தோடு போனது. சில நூறு ரூபாக் கேபிள் ஒன்றுக்காக ஒரு டிஸ்க்குக்கு மரண அத்தாட்சி எழுதப்பட்டிருந்தது.

மூன்றாம் நாள், பழுதுபார்ப்பதற்கு முன் பிரதி. பெற்றார் ஒருவர் 1 டிபி வெளி டிஸ்க் ஒன்றை இரவலாகத் தந்தார். டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுத்தோம். அதன் சிறப்பு என்னவென்றால், எது வரை முடிந்தது என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். பழைய யூஎஸ்பி, மெதுவானது. ளுஹருக்கு முன் தொடங்கியது அஸர் தொழுது நெடுநேரத்துக்குப் பிறகுதான் முடிந்தது. பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகக் காவல் இருந்தார்கள். கரண்ட் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அதன் பிறகுதான் எஃப்எஸ்சிகே ஓட்டினோம். சரிசெய்து முடித்துவிட்டு கோப்புறையைத் திறந்தால் 38 ஒலிப்பதிவுகள் இருந்தன. மூன்று குறைவு.

பழுதுபார்க்கும்போது, உள்ளடக்கம் பத்திரமாக இருந்தும் எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்று தெரியாமல் போன கோப்புகளை லினக்ஸ் வீசிவிடாது. தொலைந்து கிடைத்தவை என்று அர்த்தம் வரும் பெயருள்ள தனிக் கோப்புறையில் போட்டு வைக்கும். பெயர் இருக்காது, இலக்கம் மட்டும் இருக்கும். அதற்குள் பார்த்தால் நிறையக் கோப்புகள். அளவை வைத்துத் தேடி, ஒலிப்பதிவு போலத் தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக ஒலிக்க விட்டோம்.

முதலாவது கரைவலைச் சம்மாட்டி ஒருவரின் குரல். பிள்ளைகள் உடனே கண்டுபிடித்தார்கள். இரண்டாவதில் முதலில் காக்கை கரையும் சத்தம், பிறகு யாரோ பிளேன்டி ஆற்றும் சத்தம், பிறகு "என்னத்தச் சொல்ல மனே" என்று ஒரு முதிய பெண் குரல். அந்தப் பிள்ளை கதிரையை விட்டு எழும்பி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவளது மூத்தம்மா 1978 சூறாவளி இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார். பதினெட்டு நிமிடம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மூன்றாவது கோப்பையும் அன்றே கண்டோம். 41 உம் சரி.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் எட்டாம் நம்பரின் பிடிவாதம் முடியவில்லை. பென் டிரைவைக் கழற்றிவிட்டுத் தொடக்கினால், மின்ட்டின் சின்னம் வந்து அப்படியே நிற்கிறது. சின்னம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பின்னால் நடப்பதை அது மறைத்துவிடும். கிரப் பட்டியலில் ஈ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் உள்ள குவையட், ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்களையும் அழித்து எஃப்10 அழுத்தினால் திரை விலகி உள்ளே நடப்பது வரிவரியாகத் தெரியும். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், பயப்படத் தேவையில்லை.

தெரிந்தது இது: ஏதோ ஒரு டிஸ்க்குக்காக 1 நிமிடம் 30 வினாடி காத்திருக்கிறது, அது வரவில்லை, அவசர நிலைக்குப் போகிறது. எட்டாம் நம்பரில் முன்பு இரண்டாவது சிறிய டிஸ்க் ஒன்று இருந்தது. வேறொரு தேவைக்காக அது கழற்றி எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் எந்தெந்த டிஸ்க்கைத் திறக்க வேண்டும் என்ற எஃப்எஸ்டாப் பட்டியலில் அதன் பெயர் இன்னும் இருந்தது. வராத ஆளுக்காக முழு மெஷினும் வாசலில் காத்துக் கிடந்தது. மின்ட்டில் ரூட் கணக்கு பூட்டியே இருப்பதால் அவசர நிலையில் உள்ளே நுழையவும் விடவில்லை. மறுபடி பென் டிரைவில் இருந்து தொடக்கி, அந்தப் பட்டியலில் அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டோம். ஒரேயொரு எழுத்து. அடுத்த தடவை உள்நுழையும் திரை வந்தது.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அழிறப்பர் தேய்ப்பு, காசுப் பட்டரி, கேபிள், ஒரு கட்டளை, ஒரு எழுத்து. ஐந்து சின்னப் பழுதுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. முதலாவதைத் தீர்த்ததும் இரண்டாவது முகம் காட்டியது. முதல் தடையிலேயே "ஒன்றும் மாறவில்லை" என்று கைவிட்டிருந்தால் அது பெரிய பழுதாகத்தான் தெரிந்திருக்கும். பிடிவாதமான மெஷின் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வின்டோஸ் 10 க்கான வழமையான உதவியும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறை புரொசஸரும் வேண்டும். நமது ஊரில் இருக்கும் பல மெஷின்கள் அதற்குத் தகுதி பெறாது. அவை வேலை செய்யும், ஆனால் "பழசு" என்று ஒதுக்கப்படும். 2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தொட்டதையும், அதோடு இறக்குமதிச் சாமான் விலை என்னவானது என்பதையும் நாம் அனுபவித்தவர்கள். சோற்றிலும் வுழூச் செய்யும் தண்ணீரிலும் வீண்விரயம் கூடாது என்று மிம்பரில் கேட்கிறோம். ஓடக்கூடிய மெஷினைக் குப்பையில் போடுவதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஆகவே, மூலையில் இருக்கும் மெஷினைத் தூக்கிப் போடும் முன் இதை மட்டும் பாருங்கள்:

1. விசிறி சுற்றவே இல்லையா? வயர், பிளக், பவர் சப்ளை. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் இருக்கும்.

2. விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, பீப் சத்தமா? ரேமைக் கழற்றித் துடைத்துச் செருகுங்கள்.

3. திகதி பிழை, அல்லது தொடங்க டிஸ்க் இல்லை என்கிறதா? காசுப் பட்டரி, டிஸ்க் ஒழுங்கு, கேபிள்.

4. கிரப் வந்து, கர்னல் தொடங்கி, வெள்ளை எழுத்தில் நிற்கிறதா? முதலில் பிரதி, பிறகு பழுது.

5. சின்னம் வந்து நிற்கிறதா? அந்த இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு உள்ளே என்ன சொல்கிறது என்று வாசியுங்கள். திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டால் அதே வரியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். கிராபிக்ஸ் கோளாறு என்றால் பெரும்பாலும் திரை வரும்.

41 ஒலிப்பதிவுகளும் இப்போது மூன்று வேறு இடங்களில் இருக்கின்றன. பேசியவர்களின் குடும்பங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வருகிறோம். இன்னும் கிடைக்காதவர்கள் பாடசாலைக்கு ஒரு பென் டிரைவோடு வாருங்கள்.

உங்கள் மெஷின் ஒன்று நின்று கிடந்தால் கீழே கமெண்டில் எழுதுங்கள், அல்லது சனிக்கிழமை காலையில் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் கொப்பியோடு இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். ஆனால் "ஓன் ஆகல்ல" என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கே நிற்கிறது, திரையில் கடைசியாக என்ன தெரிந்தது, எத்தனை பீப் கேட்டது என்று எழுதுங்கள். பிள்ளைகள் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.